வேலைத் துணி

மூன்றாவது தடவையாக நல்லம்மாளின் நெஞ்சிலிருந்து நீர் எடுத்தபோது ஒன்றரை லிட்டருக்கு மேல் வந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அவளைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, முன்னால் ஒரு மேசையை இழுத்துப் போட்டு அதன்மேல் கவிழ்ந்துகொள்ளச் சொல்லி, முதுகில் ஊசியை இறக்கினார்கள். குழாய் வழியாக வரக்காப்பி நிறத்தில் நீர் இறங்கி, கீழே இருந்த புட்டி நிறைந்துகொண்டே வந்தது. அவள் புருஷன் மயில்சாமி பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது கிலோவுக்கு வற்றிப்போன உடம்புக்குள் இவ்வளவு நீர் எங்கே கிடந்தது என்று அவருக்கு விளங்கவில்லை.

"இன்னம் இருக்குதுங்களா?" என்று குனிந்தவாக்கிலேயே கேட்டாள் நல்லம்மாள்.

"முடிஞ்சுதும்மா. இருமாம இருங்க" என்றாள் நர்ஸ்.

எல்லாம் போன மார்கழியில் தொடங்கியது. குடத்தைத் தூக்கும்போது வலது அள்ளையில், விலாப் பக்கம், பிடித்துக்கொள்கிறது என்றாள். வாயு என்று நினைத்துப் பூண்டு வதக்கித் தின்றாள். தைப்பூசத்துக்குள் நாலு படி ஏறினால் மூச்சு இரைத்தது. திருப்பூரில் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, டிபியாகத்தான் இருக்கும் என்று ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒருநாள் தவறாமல் விழுங்கினாள். மூத்திரம் செம்பருத்தித் தண்ணீர் மாதிரி போனது. சோறு இறங்கவில்லை. நீரை எடுக்க எடுக்க ஊறியது. ஆடி பிறந்ததும் மகள் அனுப்ரியாதான், "போதுமுங்ப்பா, இனி இங்க காட்ட வேண்டாம்" என்று கோயமுத்தூருக்குக் கூட்டிவந்தாள். அங்கே விலாவில் துளை போட்டுச் சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

அந்த முடிவு வந்திருந்தது. டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். அவசரப்படாமல் பேசினாள். நல்லம்மாளை வெளியே உட்கார வைக்கட்டுமா என்று அனுப்ரியா கேட்டதற்கு, "நானும் இருக்கறேன் கண்ணு. என்ற ஒடம்புதான?" என்று நல்லம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க என்ன வேலை பாத்தீங்கம்மா?"

"ஓவர்லாக்குங்க. பனியன் கம்பெனியில இருவத்தாறு வருசம் மிஷின்ல உக்காந்திருந்தனுங்க."

"அந்தப் பஞ்சுத் தூசிதான் நெஞ்சுல அடைஞ்சிருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க டாக்டர்" என்றாள் அனுப்ரியா.

"பஞ்சுத் தூசியில இருமல் வரும், இரைப்பு வரும். இது வராதுங்க. நுரையீரலச் சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. அந்தச் சவ்வுல வந்திருக்கற புத்துநோய் இது. மீசோதீலியோமான்னு பேரு. இது வந்தா நாங்க மொதல்ல கேக்கற கேள்வி ஒண்ணுதான். கல்நார்த் தூசி படற எடத்துல எப்பவாவது இருந்தீங்களா? ஆஸ்பெஸ்டாஸ்."

"மேல போடற சீட்டுங்களா? எங்கூடு ஓட்டு ஊடுங்களே."

"சீட்டு சும்மா மேல கெடந்தா பெருசா ஒண்ணும் பண்ணாது. அறுத்தா, ஒடைச்சா, ஓட்டை போட்டாத் தூசி வரும். கண்ணுக்கே தெரியாத ஊசி மாதிரி அந்த நார். உள்ள போனா வெளிய வராது. நீங்கதான் வேலை பாத்திருக்கணும்னு இல்லம்மா. வீட்ல யாராவது பாத்திருந்தா அவங்க துணியில ஒட்டிட்டு வரும். அதை உதறித் துவைச்சவங்களுக்கு வரும். உடனே வராது. முப்பது, நாப்பது வருசம் கழிச்சுக்கூட வரும்."

சொல்லிவிட்டு மயில்சாமியைப் பார்த்தாள். "ஐயா நீங்க என்ன பண்றீங்க?"

"வாட்ச்மேனுங்க. அவிநாசி ரோட்டுல ஒரு கம்பெனியில."

"அதுக்கு முன்னாடி?"

"டையிங்ல இருந்தனுங்க. எடுபிடி வேலை."

"சீட்டு, கல்நார்க் கயிறு, கல்நார்த் துணி, அது மாதிரி எதுவும்..."

"இல்லீங்க."

அந்தச் சொல் வாயிலிருந்து எப்படி வந்தது என்று பிற்பாடு எத்தனையோ முறை யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை. டாக்டரம்மா ஏதோ எழுதிக்கொண்டாள். மருந்து ஏற்றலாம், கொஞ்சம் தள்ளிப்போடலாம், குணமாக்க முடியாது என்று அனுப்ரியாவிடம் இங்கிலீஷில் சொன்னாள். அனுப்ரியா ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை செய்கிறவள். அவளுக்குப் புரிந்தது. அவள் முகத்தைப் பார்த்து மற்ற இருவருக்கும் புரிந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்லம்மாள் ஜன்னலோரம் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கருமத்தம்பட்டி தாண்டியதும் ஆடிக்காற்று உள்ளே வந்து அவள் தலைமுடியைக் கலைத்தது. "கண்ணாடியச் சாத்தட்டுமா?" என்றார். "வேண்டாமுங்க, காத்து வரட்டும். அதுக்குத்தான ஏங்கிக் கெடக்கறேன்" என்றாள். மயில்சாமி தன் இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

எடுபிடி வேலை இல்லை. லேகிங் வேலை. கலியாணமான மறு வருசம், எண்பத்தொன்பதில், காண்டிராக்டர் கந்தவேலின் குழுவில் சேர்ந்தார். டையிங் கம்பெனிகள் மழைக்காளான் மாதிரி முளைத்த காலம் அது. ஒவ்வொன்றிலும் ஒரு பாய்லர், அதிலிருந்து சாயத் தொட்டிகளுக்கு ஓடும் நீராவிக் குழாய்கள். சூடு வெளியே போகாமல் இருக்க அவற்றுக்குச் சட்டை போட்டுவிட வேண்டும். அதுதான் லேகிங். சாக்கில் வரும் வெள்ளைத் தூளைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டு, காலால் மிதித்துச் சேறாக்கி, பாய்லர் முதுகில் கையாலேயே அப்புவார்கள். அந்தத் தூளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் பாய்லர் மாவு. அப்பிய பிறகு மேலே கல்நார்க் கயிற்றை இறுக்கிச் சுற்றி, கல்நார்த் துணியைப் போர்த்தித் தைப்பார்கள். பழைய பூச்சைக் கொத்தி எடுக்கிற நாளில் எதிரில் நிற்கிற ஆள் தெரியாது. வெயில் விழுகிற இடத்தில் தூசி மினுமினுவென்று மிதக்கும். மயில்சாமிக்கு அது அழகாகக்கூட இருந்திருக்கிறது.

சாயங்காலம் தலை, புருவம், மீசையெல்லாம் வெள்ளையாக வருவார். "கிழவன் வந்துட்டாரு" என்று நல்லம்மாள் சிரிப்பாள். வாசலிலேயே சட்டையையும் லுங்கியையும் வாங்கி, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு பட்பட்டென்று உதறுவாள். உதறிய பிறகுதான் கல்லில் அடிப்பாள். "இல்லாட்டித் தண்ணியில சேறாயிருதுங்க" என்பாள். தினமும் அப்படி. பதினாலு வருசம். இரண்டாயிரத்து மூன்றில் கண்ணாடிப் பஞ்சு வந்து, பழைய ஆட்களை நிறுத்திவிட்டார்கள்.

கூட வேலை செய்தவர்களில் வெள்ளையன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டிருந்தார். எதனால் என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது கேட்க வேண்டும் போலிருந்தது. டாக்டரம்மா சொன்னது தப்பாக இருக்கும் என்று யாராவது சொன்னால் தேவலை என்றும் இருந்தது. இரண்டு நாள் கழித்துக் கந்தவேலுக்குப் போன் அடித்தார். "முதலிபாளையத்துல வேலை நடக்குதுப்பா, இங்கயே வந்துரு" என்றார் கந்தவேல்.

பல வருசம் பூட்டிக் கிடந்த ஒரு டையிங் கம்பெனியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சாய நாற்றம் சுவரில் இன்னும் இருந்தது. கூரைச் சீட்டுகளை மேலிருந்து தள்ளித் தள்ளி உடைத்துக் கொண்டிருந்தார்கள் நாலு பேர். உள்ளே பாய்லரின்மேல் ஒருவன் ஏறி உட்கார்ந்து கடப்பாரையால் நெம்ப, வெள்ளைப் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. காற்று அதை வாரிக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனது. ஒரிசாக்கார ஆட்கள். கீழே ஓர் இளம்பெண், இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, உதிர்ந்ததைச் சீமாற்றால் கூட்டிச் சாக்கில் அள்ளினாள். கொஞ்சம் தள்ளிப் புங்கமரத்தடியில் பழைய கல்நார்த் துணியை நாலாக மடித்து விரித்து, அதன்மேல் ஒரு கைக்குழந்தையைப் படுக்க வைத்திருந்தாள்.

மயில்சாமிக்கு அந்தத் துணியை இருபது வருசம் கழித்தும் அடையாளம் தெரிந்தது.

"வாப்பா மயிலு" என்று பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து கூப்பிட்டார் கந்தவேல். எழுபதை நெருங்கியும் வெள்ளை வேட்டி சட்டையில் திடமாக இருந்தார். "உன்ற ஊட்டுப் புள்ளைக்கு எப்படி இருக்குது? டிபி சுத்தமாயிருச்சா?"

"அது டிபி இல்லீங்ண்ணா. புத்துன்னு சொல்லிப்போட்டாங்க."

"அட கெரகமே."

"வெள்ளையன் எதுலீங்ண்ணா போனான்?"

"அவனா? அவன் பத்து வருசம் ஆகுதே. நெஞ்சுல நீர் வெச்சு, இரைப்பு வந்து, டிபின்னு மருந்து குடுத்தாங்க, நிக்கல. எதுக்கு இப்பக் கேக்கறே?"

மயில்சாமி நிற்கிற இடத்திலேயே ஒரு செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் விடாமல் சொன்னார். கல்நார், துணி, உதறுவது, நாற்பது வருசம். கந்தவேல் நடுவில் குறுக்கிடவில்லை. முடித்ததும் மூக்கைச் சொறிந்துகொண்டு சொன்னார்.

"நானும் அதுலயேதான கெடந்தேன்? எனக்கென்ன ஆச்சு? நீ கல்லாட்டம் நிக்கறே. நமக்கெல்லாம் வராதது ஊட்டுல இருக்கற பொம்பளைக்கு வருமா?"

"வந்திருக்குதுங்களே."

"டாக்டருங்க ஆயிரஞ் சொல்லுவாங்கப்பா."

"அப்பவே யாரும் ஒண்ணும் சொல்லலீங்களா? பாய்லர் மாட்டித்தார இஞ்சினியருங்க வருவாங்களே?"

கந்தவேல் பாய்லர் பக்கம் பார்த்தார். பிறகு, சொல்லித் தொலைத்தால் தேவலை என்கிற மாதிரி சொன்னார். "மெட்ராஸ்ல இருந்து ஒருத்தர் வருவாரு. தொண்ணூத்தியாறுலயோ ஏழுலயோ. மூக்குக்குத் துணி கட்டச் சொல்லுங்க, தண்ணி தெளிச்சுட்டுக் கொத்தச் சொல்லுங்க, வேலைத் துணியோட ஊட்டுக்கு விடாதீங்கன்னாரு. குளிக்கறதுக்கு எடம் பண்ணிக் குடுங்கன்னாரு."

"எங்ககிட்ட நீங்க சொல்லவே இல்லீங்களே."

"சொன்னா யாருப்பா வேலைக்கு வருவா?" கந்தவேலின் குரல் உயர்ந்தது. "அன்னைக்கு வேலை கேட்டு எத்தன பேரு என்ற வாசல்ல நின்னீங்க? நெனச்சுப் பாரு. அந்த ஆளும் சும்மா புஸ்தகத்துல படிச்சதச் சொல்றான்னு விட்டுட்டேன். எனக்கு மட்டும் தெரியுமா இப்படியாகும்னு?"

"இப்பத் தெரியுதுங்களே. இவங்களுக்காச்சும் சொல்லுங்க. அந்தக் கொழந்தையப் பாருங்ண்ணா."

"நாளைக்கு மாஸ்க் வாங்கியாறச் சொல்றேன், போ."

"இப்ப நிறுத்தச் சொல்லுங்க."

"மயிலு, நாளான்னைக்கு எடத்தக் காலி பண்ணிக் குடுக்கோணும். உன்ற வருத்தம் எனக்குப் புரியுது. ஊட்டுக்குப் போய்ப் புள்ளையப் பாரு."

மயில்சாமி எழுந்து நேரே அந்தப் பெண்ணிடம் போனார். வாட்ச்மேன் வேலையில் கம்பெனி ஹாஸ்டலில் தங்கிய வடநாட்டு ஆட்களோடு பேசிப் பேசிக் கொஞ்சம் ஹிந்தி வந்திருந்தது. "இது விஷம்மா. ஜஹர். ஜஹர்" என்றார், சாக்கைக் காட்டி. அவள் சீமாற்றை நிறுத்தி, யார் இந்த ஆள் என்று மேலே இருந்த புருஷனைப் பார்த்தாள். "கப்டா... கர் மத் லே ஜானா. பச்சா... பச்சா உதர் நஹி." துணியை வீட்டுக்குக் கொண்டுபோகாதே, குழந்தை அங்கே வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வார்த்தை போதவில்லை. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "மேரா பீவி. மேரா கப்டா தோயா. தோயா, தோயா. அபி..." என் வீட்டுக்காரி என் துணியைத் துவைத்தாள், இப்போது என்பதுவரை வந்தது; அடுத்து வர வேண்டிய ஹிந்திச் சொல் தெரியவில்லை. தமிழிலேயே சொன்னார். "சாகப்போறா."

நல்லம்மாள் சாகப்போகிறாள் என்று அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம்.

அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அந்தத் துணியை உதறி மடித்து, கொஞ்சம் தள்ளிக் காற்றுப் படாத சுவரோரம் மறுபடி விரித்துக் குழந்தையைப் படுக்க வைத்தாள். மயில்சாமி துணியைப் பிடுங்கப் போனார். மேலேயிருந்து புருஷன்காரன் கத்தினான். கந்தவேல் எழுந்துவந்து, அவர் தோளைப் பிடித்துத் தள்ளாத குறையாக ரோட்டுவரைக்கும் கொண்டுவந்து விட்டார். "பஸ்ஸு இங்கதான் நிக்கும்" என்றார்.

கலெக்டர் ஆபீசுக்குப் போன் செய்தார். அவர்கள் வேறொரு நம்பரைக் கொடுத்தார்கள். அந்த நம்பரில் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதி எடுத்துக்கொண்டு போகும் வழியில் எட்டிப் பார்த்தபோது முதலிபாளையத்தில் வெறும் தரைதான் இருந்தது. கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. அந்த ஆட்கள் எங்கே போனார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் இப்போது சமையல் மயில்சாமிதான். அனுப்ரியா அவிநாசியில் புருஷன் வீட்டில் இருந்தாள். காலையில் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். மதியத்துக்கு இவர் அரிசியும் பருப்பும் போட்டுக் குழைய வேகவைத்து நெய் விட்டுக் கொண்டுபோவார். நல்லம்மாள் நாலு வாய் உண்டுவிட்டு, "வயிறு நெறஞ்சிருச்சுங்க" என்பாள். படுத்தால் மூச்சு முட்டும் என்று மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்தே இருந்தாள். இரண்டாவது ஊசி மருந்து ஏற்றியபின் தலைமுடி கையோடு வந்தது. பக்கத்துச் சந்துப் பட்டறையில் பாத்திரம் தட்டுகிற சத்தம் நின்றால்தான் அவளுடைய மூச்சுச் சத்தம் கேட்கும். அதனால் மயில்சாமி அந்தச் சத்தம் நிற்காமல் இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வார்.

ஆவணி பிறந்த ஒரு மத்தியானம். வட்டிலை எடுத்துக்கொண்டு எழப் போனவரை நல்லம்மாள் நிறுத்தினாள்.

"ஏனுங்க, சித்த உக்காருங்க. முதலிபாளையம் போனீங்களாமா? கந்தவேலண்ணன் ஊட்டக்கா போன் பண்ணுச்சு. நீங்க அங்க போய்ச் சத்தம் போட்டீங்களாமா. என்னத்துக்கு?"

மயில்சாமி வட்டிலைக் கீழே வைத்தார்.

"அந்தப் பாய்லர் மாவு இருக்குதல்ல? நானு பூசிட்டு இருந்தது."

"ம்."

"அதுதான் கல்நார்."

அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா சொன்னாங்களே, துணியில ஒட்டிட்டு ஊட்டுக்கு வரும்னு. என்ற துணிதான் புள்ள. நீ உதறித் தொவச்சியே. அதுல வந்ததுதான்." வட்டிலைச் சுவரோரம் தள்ளினார். "எனக்கு ஒண்ணும் ஆகல பாரு. குண்டுக்கல்லாட்டம் இருக்கறேன். உனக்குக் குடுத்துப்போட்டேன்."

நல்லம்மாள் தலையணையில் கையை ஊன்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அந்தம்மா கேட்டப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் இல்லைன்னீங்க?"

"வாயில வந்துருச்சு."

"வாயில வந்துருச்சா?" அவள் தலையணையிலிருந்து நிமிர்ந்தாள். இத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ. "எனக்கு எதுனால வந்துதுன்னு நானு எத்தன நாளு மண்டையப் போட்டு ஒடச்சுட்டுக் கெடந்தேன்? எதத் தின்னனோ, யாரு வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டனோ, ஆரு பாவமோன்னு. மலைக்கு நேர்ந்தத நிறுத்துனதுக்கு முருகன் குடுத்துட்டான்னு நெனச்சேன். நீங்க பக்கத்துலயே உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டு இருந்தீங்க. அந்தத் துணியத் தொவச்சதுக்கு உங்க மேல ஒரு குத்தமும் சொல்லமாட்டேன். உங்களுக்குத் தெரியாது, எனக்குந் தெரியாது. ஆனா அன்னைக்கு இல்லைன்னீங்க பாத்தீங்களா..."

இருமல் வந்து மேலே பேசவிடவில்லை. மயில்சாமி முதுகைத் தடவ வந்தார். கையைத் தட்டிவிட்டாள். தட்டிவிட்ட கை அந்தரத்தில் அப்படியே நின்றது. அவள் கண்கள் வேறெங்கோ போய்விட்டன.

"அனுப்ரியா" என்றாள்.

"என்ன புள்ள?"

"அவ பொறந்தது தொண்ணூத்தொண்ணுலீங்க. நீங்க வேலைய உட்டு வந்ததும் ஓடியாந்து கால்ல கட்டிக்குவா. அப்படியே தூக்கித் தோள்மேல வெச்சுக்குவீங்க. தலையில இருக்கற மாவத் தட்டித் தட்டிச் சிரிப்பா." அவள் குரல் கீழே இறங்கிவிட்டது. "நானு துணி உதறறப்பவும் அவ என்ற இடுப்புலதானுங்க இருப்பா."

மயில்சாமி அதை நினைத்திருக்கவில்லை. ஒரு மாதமாக இதையே நினைத்து உருகிக்கொண்டிருந்தவருக்கு அது மட்டும் தோன்றவே இல்லை. வட்டிலில் ஈ மொய்த்தது. அதை விரட்டக் கையை எடுத்தவர் விரட்டாமலே உட்கார்ந்திருந்தார்.

"அவளக் கூப்புடுங்க. இப்பவே" என்றாள் நல்லம்மாள்.

"அவகிட்ட எதுக்கு? பயந்துருவா."

"எங்கிட்ட மறச்சது போதாதா? அவளுக்கும் மறைக்கப் போறீங்களா? சொல்லுங்க. சொல்லிக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க."

அனுப்ரியா வேலை முடிந்து நேரே வந்தாள். அப்பா சொல்லச் சொல்ல நின்றுகொண்டே கேட்டாள். தோள்பை தோளிலேயே இருந்தது. கடைசியில், "டாக்டர்கிட்ட ஏனுங்ப்பா மறச்சீங்க?" என்று அவளும் அதையேதான் கேட்டாள். பிறகு அம்மாவிடம் போய் உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. நல்லாத்தான இருக்கறேன்" என்றாள். நல்லம்மாள் மகளின் அள்ளையில் கையை வைத்து, "மூச்ச இழு கண்ணு, இழுத்து உடு, எங்கயாச்சும் புடிக்குதா?" என்று கேட்டாள். மறுபடியும் இழுக்கச் சொன்னாள். மறுபடியும்.

அந்த வாரமே அப்பாவும் மகளும் கோயமுத்தூர் போனார்கள். மயில்சாமி டாக்டரம்மாவின் முன்னால் கையைக் கட்டி நின்று, அன்றைக்குச் சொன்னது பொய் என்றார். அவள் கோபப்படவில்லை. "நீங்க சொல்லியிருந்தாலும் அம்மாவுக்கு இதே மருந்துதான் குடுத்திருப்பேன். ஆனா சொல்றது நல்லது. கூட வேலை பாத்தவங்க, அவங்க வீட்ல இருந்தவங்க யாருக்காவது மூச்சுத் தொந்தரவு வந்தா, டாக்டர்கிட்ட மொதல்ல இதைச் சொல்லச் சொல்லுங்க. டிபின்னே நெனச்சுட்டு மாசக்கணக்கா வீணாகுது" என்றாள். பிறகு, "நீங்களும் ஒரு படம் எடுத்துக்கங்க" என்றாள்.

"எனக்கு வேண்டாமுங்க. புள்ளைக்குப் பாருங்க" என்றார்.

அனுப்ரியா உள்ளே போய்வந்தாள். டாக்டரம்மா அந்தப் படத்தை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கிறாளே என்று மயில்சாமி படத்துக்கு அருகில் போனார்.

"இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு."

"இனி வராதுங்களே?" என்றார் மயில்சாமி.

"அப்படிச் சொல்ல முடியாதுங்கய்யா. தூசி பட்ட எல்லாருக்கும் வர்றதில்ல. நெறைய பேருக்கு வராமயே போயிடும். ஆனா யாருக்கு வரும், யாருக்கு வராதுன்னு முன்னாடியே சொல்ற பரிசோதனை எதுவும் இல்ல. வருசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டட்டும்."

"எத்தன வருசத்துக்குங்க?"

டாக்டரம்மா அனுப்ரியாவைப் பார்த்தாள். "அவங்க இருக்கற வரைக்கும்" என்றாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அனுப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அம்மாகிட்ட ஒண்ணுமில்லைன்னு மட்டும் சொல்லுங்ப்பா. வருசா வருசம் வரச் சொன்னது, அதெல்லாம் வேண்டாம். எத்தன நாளு இருக்கப் போறாங்க? நிம்மதியாப் போகட்டும்."

"செரி கண்ணு."

வீட்டுக்கு வந்தபோது நாலு மணி. பக்கத்து வீட்டுப் பெண் துணைக்கு இருந்தவள் எழுந்து போனாள். நல்லம்மாள் கதவையே பார்த்துக் கிடந்திருக்க வேண்டும். "ஒண்ணுமில்லையாம்மா. டாக்டரே சொல்லிட்டாங்க. சுத்தமா இருக்குதாம்" என்று அனுப்ரியா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நல்லம்மாள் அழுதாள். அனுப்ரியாவும் அழுதாள். பிறகு, பள்ளிக்கூடத்திலிருந்து பையன் வந்துவிடுவான் என்று அவள் கிளம்பிப் போனாள்.

"அந்தப் படத்தக் குடுங்க" என்றாள் நல்லம்மாள்.

மயில்சாமி உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அதை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். அவர் ஒரு முனையைத் தாங்கிக்கொண்டார்.

"இது என்னங்க, வெள்ளையா?"

"எலும்பு. அள்ளை எலும்பு."

"இந்தப் பெருசு?"

"அது இருதயமாமா. டாக்டரம்மா காட்டுனாங்க."

அவள் படத்தைக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த மத்தியானத்துக்குப் பிறகு அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தது இப்போதுதான்.

"நெசமாவே ஒண்ணுமில்லைன்னாங்களா?"

"அனுப்ரியா சொன்னாளே."

"அவ என்ற மனசு நோகக்கூடாதுன்னு சொல்லுவா. நீங்க சொல்லுங்க. ஒருக்காப் பொய் சொன்ன வாயிது. அவ தலமேல சத்தியமாச் சொல்லுங்க. இனி அவளுக்கு வராதுங்களா?"

தலையை ஆட்டினால் போதும். அவளுக்கு இன்னும் எத்தனை நாள்? ஐப்பசி தாண்டினால் அதிகம். மயில்சாமி வாயைத் திறந்தார். மகள் தலைமேல் சத்தியம் என்பது நாக்கில் வந்து நின்றுவிட்டது.

"இப்போதைக்கு ஒண்ணுமில்லைன்னாங்க புள்ள" என்றார்.

"இப்போதைக்கு" என்றாள் அவள்.

"ஆமா. இப்போதைக்கு."

நல்லம்மாள் அழவில்லை. அவரைத் திட்டவும் இல்லை. மடியில் கிடந்த படத்தை எடுத்து மறுபடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே, மேல் எலும்பிலிருந்து ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். பாதிக்கு வந்ததும் விரல் ஓரிடத்தில் நின்றது.

"இங்க மங்கலா இருக்குதுங்களே, இது என்னங்க?"

மயில்சாமி குனிந்து பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை.